புள்ளி தெரியாமல் போன ஆறு வாரங்கள்

பழைய மானிட்டரில் படம் மங்குகிறது, எழுத்து கலங்குகிறது என்று யாராவது இப்போது தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறு வாரம் சுற்றிய சுற்றை இன்னொருவர் சுற்ற வேண்டாம். ஒரு புதுக் கண்ணாடி, ஒரு கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்காக ஒரு கன்வெர்ட்டர், மானிட்டரைத் திறந்து பார்த்ததற்கு மட்டும் ஒரு கூலி என்று அந்த ஆறு வாரத்தில் செலவழித்ததைக் கூட்டினால், நல்ல புது மானிட்டரே வாங்கிக் கையில் கொஞ்சம் மிச்சமும் வைத்திருக்கலாம். பணத்தைக்கூட விடுங்கள். வேலை கெட்டது, பெயர் கெடப் பார்த்தது, ராத்திரித் தூக்கம் போனது. கடைசியில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, மேசைக்கு அடியில் இரண்டு திருகுகளைக் கழற்றியபோது.

நான் பிழைதிருத்தும் வேலை செய்கிறேன். ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் தமிழ் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பிழைப்பு. மானிட்டர் 2008இல் வாங்கியது. 19 அங்குல எல்சிடி, கிட்டத்தட்டச் சதுரமாக இருக்குமே அந்த 5:4 வடிவம், 1280×1024 ரெசல்யூஷன் (படத்தைக் காட்டும் பிக்சல் என்ற நுண்புள்ளிகளின் எண்ணிக்கை). எல்லாரும் அகலத்திரைக்கு மாறிய பிறகும் நான் இதை விடவில்லை. உயரம் கூடுதல் என்பதால் புத்தகத்தின் ஒரு பக்கம் முழுதாகக் கண்முன் நிற்கும், மேலும் கீழும் உருட்ட வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது. அப்படி ஓடியதுதான் என்னை ஏமாற்றியது என்றும் சொல்லலாம், அதன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முதலில் என் கவனத்துக்கு வந்தது படம் மங்கியது இல்லை, பிழைகள். 2020இன் தொடக்கத்தில் ஒரு நாவலின் இரண்டாம் படியைத் திருத்தி அனுப்பியிருந்தேன். ஆசிரியர் அச்செடுத்துப் பார்த்துவிட்டு அழைத்தார். “பத்துப் பன்னிரண்டு இடத்துல ஒற்று விட்டுப்போயிருக்கு. நீங்க இப்படி விடமாட்டீங்களே, உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அக்கறைதான் என்னைக் கூச வைத்தது. எடுத்துப் பார்த்தால் உண்மைதான். ‘பார்த்தான்’ என்பதில் த்-தின் மேல் புள்ளி இல்லை, நான் கடந்து போயிருக்கிறேன். ஓரிடத்தில் கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கிறது. இன்னோரிடத்தில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் விட்டிருக்கிறேன். தமிழில் ஒரு புள்ளி இருப்பதும் இல்லாததும்தான் ஓர் எழுத்து. திரையில் அந்தப் புள்ளி ஓரிரண்டு பிக்சல் அளவுக்குத்தான் இருக்கும். அது கலங்கினால் பக்கத்தின் அழகு குறைவதில்லை, சொல்லே மாறிவிடுகிறது.

எனக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். இந்தத் தொழிலில் கண்தான் முதல். சாயங்காலம் ஆனால் தலைவலி, புருவத்துக்கு மேல் ஒரு இழுப்பு, வெள்ளைப் பக்கம் பழைய தாள் மாதிரி மஞ்சளடித்துத் தெரிந்தது. கண்புரையாக இருக்குமோ என்று இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே போட்டுக் குழப்பிக்கொண்டேன். டாக்டர் எல்லாம் சோதித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “தாள்ல படிக்கும்போதும் இப்படித்தான் இருக்கா?” “தாள்ல பரவாயில்லை டாக்டர், திரையிலதான்” என்றேன். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, லேசாகப் பவர் மாற்றித் தருகிறேன் என்றார். அந்த ஒரு கேள்வியில் முக்கால்வாசி விடை இருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை. பயத்தில் இருப்பவன் காதில் தான் பயப்படுவது மட்டும்தான் விழும் போலிருக்கிறது. கண் பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை, செய்துகொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு பக்கத்தை அச்செடுத்து, திரையிலும் அதே பக்கத்தை அதே அளவில் வைத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் தெளிவாகத் தெரிவது திரையில் தெரியவில்லை என்றால் கோளாறு கண்ணில் இருக்க வாய்ப்புக் குறைவு. தாளின் வெள்ளைக்குப் பக்கத்தில் திரையின் வெள்ளை எவ்வளவு மஞ்சள் என்பதும் அப்போதுதான் உறைக்கும். மங்கல் மெதுவாக, வருஷக் கணக்கில் வருவதால் கண் கூடவே பழகிக்கொள்கிறது, ஒப்பிட ஒரு பொருள் இல்லாமல் அது தெரியவே தெரியாது.

புதுக் கண்ணாடி வந்தது, ஒன்றும் மாறவில்லை. அடுத்து கணினிமேல் சந்தேகம் திரும்பியது. மஞ்சளுக்கு முதலில் பார்க்க வேண்டியது, ராத்திரி நேரத்தில் நீலத்தைக் குறைத்துத் திரையை வெதுவெதுப்பாக்கும் அந்த அமைப்பு. என்னிடம் அது அணைந்தே இருந்தது. பிறகு டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள், கெட்டிருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினேன். அந்த நாள் மட்டும் இல்லை, அதற்குப் பிறகு எழுத்துருக்களைத் தேடிப் போடவும், விசைப்பலகை அமைப்பை மறுபடி சரி செய்யவும், பக்க வடிவமைப்பு மென்பொருளில் நான் வருஷக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த குறுக்குவழிகளை நினைவிலிருந்து திரும்ப அமைக்கவும் நான்கு நாள் போனது. நிறுவி முடித்துப் பார்த்தால் எழுத்து முன்னைவிட மோசம். அழுகை வராத குறை. காரணம் சின்னது: புதிதாக நிறுவியதில் ரெசல்யூஷன் 1024×768க்கு இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்கு நடக்கிறது. எல்சிடி திரையில் இத்தனை பிக்சல் என்று எண்ணிப் பதித்திருப்பார்கள். என்னுடையதில் குறுக்கே 1280, நெடுக 1024. கணினி 1024×768 அளவில் படம் அனுப்பினால், மானிட்டர் அதை இழுத்து நீட்டித் தன் பிக்சல்களில் பரப்பியாக வேண்டும். ஒரு பிக்சலை ஒன்றேகால் பிக்சலாக்க முடியாது, அதனால் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து பூசிவிடுகிறது. பழைய குழாய் மானிட்டர்களில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாது, எந்த அளவும் ஓரளவு ஒத்துப்போகும். எல்சிடியில் அதற்கென்று உள்ள ஒரே அளவைத்தான் வைக்க வேண்டும். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், அதற்குப் பதில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கிளியர்டைப் அமைப்பையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஐந்து நிமிஷ வேலை, எந்த மாதிரி எழுத்து உங்கள் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சரி செய்யும். தமிழ் எழுத்தின் வளைவுகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. நான் ரெசல்யூஷனைச் சரி செய்தேன். நான்கு நாள் உழைப்புக்குப் பிறகு, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றேன்.

அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. பழைய கார்டுதான் பலவீனமாகிப் படத்தை மங்கலாக அனுப்புகிறது என்று எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டேன். கார்டு கெட்டால் வருவது பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கும்: திரையில் கட்டம் கட்டமாகச் சிதறல், இருக்கக் கூடாத இடத்தில் வண்ணப் புள்ளிகள், திடீரென்று உறைந்துபோவது, கணினியே திரும்பத் தொடங்குவது. எல்லாம் ஒரே சீராக மஞ்சளாவதும், எழுத்துக்கு வலப்பக்கம் மெல்லிய நிழல் விழுவதும் கார்டின் வழக்கமான அடையாளம் இல்லை. இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன். புதுக் கார்டில் என் மானிட்டர் கேபிளை மாட்டும் பழைய விஜிஏ துளையே இல்லை, இருந்தவை புது வகைத் துளைகளான எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும்தான். அதனால் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டரும் வாங்கினேன். மாட்டினேன், நிழல் இன்னும் தடித்தது.

நான்காவது வாரம் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனேன். அதற்குள் இன்னொரு கோளாறும் சேர்ந்திருந்தது. காலையில் ஆன் செய்தால் படம் உடனே வராது, வந்தாலும் சில நிமிஷம் நடுங்கும், சூடானதும் நின்றுவிடும். அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, “பேனல் போயிடுச்சு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க” என்றார். திறந்து பார்த்ததற்குக் கூலியும் வாங்கிக்கொண்டார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பேனல், அதாவது படத்தைக் காட்டும் திரைப்பலகை, போனதற்கு நேரடி அடையாளங்கள் உண்டு: மேலிருந்து கீழாக அசையாமல் நிற்கும் ஒற்றைக் கோடு, திரையின் ஒரு பட்டை மட்டும் வெளுத்துப்போவது, உள்ளே மை சிந்தியது போன்ற கறை. என் திரையில் இது ஒன்றுமே இல்லை.

விடை கிடைத்தது ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு. மறுநாள் கொடுக்க வேண்டிய பக்கங்கள் பாக்கி இருந்தன, கண் எரிந்தது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று மானிட்டரின் கீழ் ஓரத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினேன். மானிட்டரின் சொந்த மெனு திரை நடுவில் வந்தது. அதன் எழுத்துகள் ஊசி முனை மாதிரி கூர்மையாக இருந்தன. அதற்குப் பின்னால் என் பக்கம் மங்கிக் கிடக்கிறது, முன்னால் அந்த மெனு புத்தம்புதிதாக நிற்கிறது. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ தரம் அந்த மெனுவைத் திறந்திருப்பேன், இப்படி ஒரு சோதனைப் பொருளாகப் பார்த்ததில்லை.

அந்த மெனுவைக் கணினி அனுப்புவதில்லை. மானிட்டர் தனக்குள்ளேயே வரைந்துகொள்கிறது. அது கூர்மையாக இருந்தால் திரையின் பிக்சல்கள் நன்றாகவே இருக்கின்றன, எழுத்தைக் கெடுப்பது வெளியிலிருந்து வரும் வழியில், அதாவது கேபிளிலோ கன்வெர்ட்டரிலோ அமைப்பிலோ இருக்கிறது. ஆனால் மெனுவின் வெள்ளைக் கட்டமும் என் பக்கத்தைப் போலவே மஞ்சளாக இருந்தது. அப்படியென்றால் மஞ்சள் மானிட்டருக்கு உள்ளேயிருந்து வருகிறது. எனக்கு இருந்தது ஒரு வியாதி இல்லை, இரண்டு. காலை நடுக்கத்தையும் சேர்த்தால் மூன்று. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று நினைத்து அந்த ஒன்றைத் தேடியதால்தான் எந்த மருந்தும் பலிக்கவில்லை. உடனே இன்னொன்றும் செய்தேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்தேன். அதில் எழுத்து சுத்தமாக இருந்தது, வெள்ளையும் வெள்ளையாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி தனக்குள் வரைந்து வைத்திருக்கும் படம், கேபிளையும் மானிட்டரையும் அது தொடுவதே இல்லை. அது நன்றாக இருந்தால் எழுத்துரு, மென்பொருள், இயங்குதளம் எதையும் நோண்ட வேண்டியதில்லை. நான் அழித்து நிறுவிய அந்தச் சனிக்கிழமையை நினைத்து வயிறு எரிந்தது. ரெசல்யூஷன் தவறாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் சுத்தமாகவே வரும், அதனால் அதை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் காசு வேண்டாம், கருவி வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். எதை வாங்குவதற்கும் எதைக் கழற்றுவதற்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

மறுநாள் காலை மேசைக்கு அடியில் நுழைந்து கேபிளைப் பிடித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு இணைப்பு. அப்போதுதான் ஞாபகம் வந்தது: அதற்கு முந்தைய வருஷம் கணினிப் பெட்டியை மேசைக்குக் கீழே இறக்கியபோது நீளம் போதவில்லை என்று ஒரு விஜிஏ நீட்டிப்புக் கேபிளை நானே சேர்த்திருந்தேன். அதை அடியோடு மறந்துவிட்டேன். விஜிஏ 1987இல் வந்த முறை, படத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புகிறது. என் மானிட்டரின் 1280×1024 படத்தை நொடிக்கு 60 தரம் அனுப்ப வேண்டுமென்றால் நொடிக்கு ஏழரைக் கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்கள், 108 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில், அந்த மெல்லிய கம்பிகளில் ஓட வேண்டும். வழியில் மட்டமான கேபிளோ கூடுதலாக ஓர் இணைப்போ இருந்தால் சிக்னல் அங்கே கொஞ்சம் பட்டுத் திரும்புகிறது, அதுதான் எழுத்தின் வலப்பக்கத்தில் நிழலாக விழுகிறது. ஒவ்வொரு எழுத்தின் நிழலும் அடுத்த எழுத்தின்மேல் சாய்ந்தால் புள்ளி எங்கே தெரியும்? இரண்டு திருகையும் கழற்றி நீட்டிப்பை எடுத்தேன், கணினிப் பெட்டியைத் திரும்பவும் மேசைமேல் வைத்தேன். நிழல் போய்விட்டது.

விஜிஏவில் இன்னொரு வேலையும் உண்டு. வரும் சிக்னலை எந்தக் கணத்தில் அளந்தால் சரியான பிக்சல் கிடைக்கும் என்பதை மானிட்டர் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணம் சற்றுத் தவறினால் செங்குத்துக் கோடுகள் கலங்கும் அல்லது நடுங்கும். மானிட்டரில் ஆட்டோ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் தானே சரி செய்துகொள்ளும். ஆனால் வெறும் மேசைத்திரைப் படத்தை வைத்துக்கொண்டு அழுத்தினால் அது தடுமாறும். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று திரை முழுக்க மாறி மாறி வரும் படத்தை, இல்லாவிட்டால் எழுத்து நெருக்கமாக உள்ள வெள்ளைப் பக்கத்தையாவது, திரை நிறைய வைத்துவிட்டு அழுத்துங்கள். மெனுவில் ஃபேஸ், கிளாக் என்று இரண்டு அமைப்புகள் இருந்தால் கையாலும் நுணுக்கமாகத் திருத்தலாம். 75 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால் 60க்கு இறக்குங்கள், கேபிளின் சுமை குறையும். படம் முழுக்க ஒரே நிறம் ஏறியிருந்தால், உதாரணமாகச் சிவப்பே இல்லாமல் பச்சையும் நீலமும் கலந்த சாயல் வந்தால், பிளக்கின் ஊசிகளைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி ஊசி, அதில் ஒன்று வளைந்திருந்தால் அந்த நிறம் வராது.

இவ்வளவும் செய்த பிறகுதான் மானிட்டரின் பின்பக்கத்தைக் குனிந்து சரியாகப் பார்த்தேன். விஜிஏவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூடி போட்டபடி ஒரு டிவிஐ துளை. பெட்டியோடு வந்தது விஜிஏ கேபிள் என்பதால் வாங்கிய நாள் முதல் அதையே மாட்டியிருந்தேன், அந்த மூடியை ஒருநாளும் கழற்றவில்லை. டிவிஐ எண்களாகவே அனுப்பும் முறை, ஊகம் ஒன்றும் கிடையாது, பிக்சலுக்குப் பிக்சல் அப்படியே வரும். எச்டிஎம்ஐயும் டிவிஐயும் படத்தை அனுப்பும் முறை ஒன்றுதான் என்பதால் நடுவில் கன்வெர்ட்டர் எதுவும் தேவையில்லை, ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் டிவிஐயும் உள்ள சாதாரணக் கேபிள் போதும். வாங்கி மாட்டினேன். த்-தின் மேல் புள்ளி கறுப்பாக, வட்டமாக, தனியாக நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். கண் போகவில்லை என்ற நிம்மதி அப்போதுதான் முழுசாக வந்தது.

அடுத்தது மஞ்சள். இதற்கு நல்ல செய்தி இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2010க்கு முந்தைய பெரும்பாலான எல்சிடி மானிட்டர்களில் திரைக்குப் பின்னால் ஒளி தருவது எல்இடி இல்லை, பென்சிலைவிட மெலிந்த ஃபுளோரசென்ட் குழல்கள், சிசிஎஃப்எல் என்பார்கள். குழலின் உட்பூச்சு வயதாக ஆக மங்கும், அதில் நீலம் தரும் பூச்சுதான் முதலில் தளரும், அதனால் வெள்ளை மெல்ல மஞ்சளாகிறது. ஒளியைப் பரப்பும் உள் தகடுகளும் காலப்போக்கில் பழுக்கின்றன. இந்தக் குழல்களின் ஆயுளை, ஒளி பாதியாகக் குறையும்வரை என்று கணக்கிட்டு, பொதுவாக 30,000 முதல் 50,000 மணி நேரம் என்று சொல்வார்கள். நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு 9 மணி, வருஷத்துக்கு 300 நாள், 12 வருஷம், மொத்தம் 32,400 மணி நேரம். அதற்குமேல் அந்தக் குழல்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெனுவில் பார்த்தால் பிரைட்னஸ் ஏற்கெனவே 100இல் நின்றது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நானேதான் ஏற்றியிருக்கிறேன், இனி ஏற இடமில்லை.

கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் ஈடாகுமா என்று பார்த்தேன். கூட்டக் கூடாது. பிரைட்னஸ்தான் பொதுவாகப் பின்விளக்கைக் கட்டுப்படுத்துவது. கான்ட்ராஸ்ட்டை எல்லைக்குத் தள்ளினால் வெளிர் நிறங்கள் எல்லாம் வெள்ளையோடு கலந்து மறையும். ஆசிரியர்கள் வெளிர்மஞ்சளில் குறித்து வைத்த வரிகள் எனக்குக் காணாமலே போயின. வண்ண அமைப்பில் நீலத்தைக் கூட்டலாம் என்றால் அது ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும், ஆகவே சிவப்பையும் பச்சையையும் குறைத்துத்தான் சமன் செய்ய முடியும், அப்போது இருக்கிற வெளிச்சமும் இன்னும் குறையும். நான் சிவப்பை லேசாகவும் பச்சையை அதைவிட லேசாகவும் குறைத்து, அறையின் விளக்கைத் திரைக்கு நேரே படாமல் பின்னால் நகர்த்தினேன். ஓரளவுக்குத் தேவலை. இதையெல்லாம் செய்யும்முன் மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், குழல் சூடேறி நிலைக்கும்வரை நிறமும் வெளிச்சமும் மாறிக்கொண்டே இருக்கும். கைபேசியில் படமெடுத்து நிறத்தை ஒப்பிடுவதும் ஏமாற்றும், கேமரா தானாகவே வெள்ளையைச் சரி செய்துவிடுகிறது. திரையும் தாளும் ஒரே படத்தில் வரும்படி எடுத்தால்தான் ஏதாவது தெரியும்.

மூன்றாவது, அந்தக் காலை நடுக்கம். இந்த முறை வேறொருவரிடம் போனேன். அவர் மானிட்டரைத் தொடும் முன்பே, “ஆன் பண்ணி எவ்வளவு நேரத்துக்கு அப்புறம் நடுக்கம் நிக்குது?” என்று கேட்டார். சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. பத்து நிமிஷம் என்றேன். மின்பலகையில் மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டராகத்தான் இருக்கும் என்று சொல்லி, என் கண்முன்னாலேயே திறந்து காட்டினார். தட்டையாக இருக்க வேண்டிய தலை இரண்டு கெப்பாசிட்டர்களில் அப்பம் போல உப்பியிருந்தது. உள்ளே இருக்கும் திரவம் கெட்டு வாயு உண்டாகும்போது இப்படி ஆகிறது, குளிர்ந்த நிலையில் அவை சரியாக வேலை செய்வதில்லை, சூடானதும் ஓரளவுக்குச் செய்கின்றன. பழைய மானிட்டரில் ஆன் ஆகத் தாமதம், ஆன் ஆகி இரண்டு நொடியில் அணைவது, தொடக்க நடுக்கம் என்று எது வந்தாலும் முதலில் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். அதே கொள்ளளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் வகை, இவற்றைக் கவனித்துப் போட வேண்டும். கால் மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார், கூலியும் சொற்பம். குழலை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், ஆனால் அடுக்கடுக்கான தாள்களைப் பிரித்தெடுக்க வேண்டும், ஒரு தூசு உள்ளே போனாலும் நிரந்தரப் புள்ளியாகத் தெரியும், குழலும் தொட்டால் முறியும், இத்தனை பழசுக்கு வேண்டாம் என்று நேராகச் சொன்னார்.

இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு நீங்களே திறக்க நினைத்தால் ஒன்று மட்டும் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று இல்லை. மின்பலகையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர், 230 வோல்ட்டில் ஓடும் சாதனத்தில் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கலாம். குழலை எரியவைக்கும் இன்வெர்ட்டர் தொடக்கத்தில் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல்கூடக் கொடுக்கும். அந்தக் குழல்களுக்குள் பாதரசமும் உண்டு, அதனால் பழைய மானிட்டரை உடைத்துக் குப்பையில் போடவும் கூடாது, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். வெளியிலிருந்து செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது: திரை முழுக்க இருண்டுபோய்க் கணினி மட்டும் ஓடினால், ஒரு டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. துடைக்கும்போது கண்ணாடி ஜன்னலுக்கு அடிக்கும் திரவத்தைத் தெளிக்காதீர்கள், திரையின் மேற்பூச்சு உரியும். மெல்லிய துணியில் சில சொட்டு காய்ச்சி வடித்த நீர் போதும்.

கடைசியில் ஒரு புது மானிட்டரும் வாங்கினேன், மஞ்சளோடு என் வேலை ஓடாது. அதை எச்டிஎம்ஐயில் மாட்டியதும் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தது, மறுபடியும் நெஞ்சு பதறியது. கார்டு தொலைக்காட்சி வகையில், கறுப்பை 0 என்ற எண்ணுக்குப் பதில் 16ஆகவும் வெள்ளையை 255க்குப் பதில் 235ஆகவும் அனுப்பிக்கொண்டிருந்தது, அமைப்பில் முழு அளவான 0 முதல் 255க்கு மாற்றியதும் சரியானது. இரண்டு நிமிஷ வேலை. ஆறு வாரத்துக்கு முன்னால் என்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். பழையது இப்போது பக்கத்தில் நிற்கிறது, அகராதி திறந்து வைக்கவும் கடிதம் பார்க்கவும் அது போதும், டிவிஐயில் கூர்மையாகவே இருக்கிறது.

அந்த நாவலின் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன், புத்தகம் அச்சுக்குப் போகும்முன் இன்னொரு தரம் பார்த்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஆறு வாரத்தில் என் கையில் இருந்த மற்ற இரண்டு புத்தகங்களின் படிகளையும் அப்படியே திரும்ப வாங்கினேன். கூலி கேட்கவில்லை, கேட்க எனக்கு நியாயம் இல்லை. மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து படித்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. மொத்தம் 63 ஒற்று, 9 கொம்பு, 4 கால் திருத்தினேன்.